காசிராஜன் சாகாத ஆட்டம்

சிவகாசியில் நாச்சியார் என்று ஒரு ஓவியர் இருந்தாள். யாரும் ஆடாத, யாரும் செய்யாத, உலகத்திலேயே இல்லாத வீடியோ கேம்களுக்கு அவள் கேசட் லேபிள் வரைந்துகொண்டிருந்தாள்.

கேசட் என்றால் பழைய கேம் கேசட். உள்ளங்கை அகலத்தில் மஞ்சளாகவோ கறுப்பாகவோ ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதன் முகத்தில் ஒரு படம் ஒட்டியிருக்கும். டிவியோடு சேர்ந்த மிஷினில் அதைச் செருகினால் ஆட்டம் ஓடும். நாச்சியாரின் கேசட்டைச் செருகினால் ஒன்றும் ஓடாது, உள்ளே வெறும் காற்றுதான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே வீட்டுக்குப் போய் டிவியைப் போட வேண்டும்போல இருக்கும்.

இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டவர்கள் ஊரில் நிறையப் பேர். வேலை என்று அவளும் சொன்னதில்லை. ஒரு அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுத்தாள். மிச்ச நேரத்தில் இது. இதே கிறுக்குப் பிடித்த ஏழெட்டுப் பேர் வந்து ஒட்டிக்கொண்டார்கள். அவர்கள் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிடுங்கள் என்று அவள் கேட்கவில்லை. வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை.

சீடர்களில் மூத்தவர் காசிராஜன். டீச்சரைவிட நன்றாகவே மூத்தவர். அவள் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்பாள். பட்டாசுப் பெட்டிகளுக்குப் படம் வரைந்தே தலை நரைத்த மனிதர். சிங்கம் வரைந்தால் பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். அந்தக் கூட்டத்தில் அவர் கைத்திறமைக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. டீச்சராலும் முடியாது, அதை அவளே சொல்லுவாள்.

இருந்தும் அவருடைய கேசட் ஒன்றுகூடச் சுற்றைத் தாண்டியதில்லை.

சுற்று என்பது அவர்களாக வைத்துக்கொண்ட வழக்கம். வருஷத்துக்கு ஒருமுறை மதுரையில் ஒரு அரங்கத்தில் இந்தக் கேசட்டுகளைப் பார்வைக்கு வைப்பார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அச்சகத்து மாடியில் வட்டமாக உட்காருவார்கள். ஒரு கேசட் கைக்குக் கை போகும். அதை வாங்குகிறவர், சின்ன வயதில் தான் அந்த ஆட்டத்தை ஆடிய கதையைச் சொல்ல வேண்டும். ஆட்டமே கிடையாது, கதை எங்கிருந்து வரும்? படத்திலிருந்துதான் வர வேண்டும். நல்ல லேபிளாக இருந்தால் பொய் தானாக வரும். வராவிட்டால் கேசட் வரைந்தவரிடமே திரும்பிவிடும்.

டீச்சர் ஒருமுறை, வெயில் ஏறுவதற்குள் பாலைக் கொண்டு சேர்க்கிற ஒரு பால் வண்டிக்காரனின் ஆட்டத்துக்கு லேபிள் வரைந்திருந்தாள். அதை வாங்கிய பீர்முகமது, "இதுல தபாலாபீஸ் பக்கத்துல ஒரு நாய் வரும் பாருங்க, அதுகிட்ட நான் பட்ட பாடு" என்று ஆரம்பித்து, தேநீர் ஆறும்வரை நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பு எடுக்கும் கிளாடிஸ், டியூப்லைட்டைச் சுற்றி வரும் ஒரு பல்லியின் ஆட்டத்தை வரைந்தாள். அந்தப் பல்லியின் வால் எத்தனையாவது கட்டத்தில் அறும் என்று இரண்டு பேர் சண்டையே போட்டார்கள்.

காசிராஜனின் கேசட் போனால் வேறு மாதிரி நடக்கும்.

"பிரமாதம் அண்ணாச்சி."

"அடேங்கப்பா, அந்த வாளைப் பாருங்க."

"கண்ணைப் பறிக்குது அண்ணாச்சி."

கடைசியாக உத்தண்டராமன் கைக்கு வரும். அவர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். முகத்துக்காகப் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. "படம் ரொம்ப நல்லா இருக்கு. நான் இதை ஆடினதில்ல" என்று சொல்லிக் கீழே வைத்துவிடுவார்.

அவர் சேர்ந்த முதல் இரண்டு வருஷமும் அப்படித்தான் ஆனது. அத்தனை பாராட்டையும் வாங்கிக்கொண்டு காசிராஜன் அழாத குறையாக வீட்டுக்குப் போனார்.

மூன்றாவது வருஷம், சுற்றுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, அவர் புது லேபிளை எடுத்துக்கொண்டு டீச்சரைத் தேடி வந்தார். மத்தியான நேரம். கீழே அச்சு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாச்சியார் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பொருத்தமான எழுத்து தேடிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், எனக்கு யாரும் பரிசு தர வேண்டாம். யாராவது ஒருத்தர் என் கேசட்டைக் கையில வச்சுக்கிட்டு ஒரு பொய் சொன்னாப் போதும். இந்தத் தடவையும் அது நடக்கலன்னா நான் நிறுத்திக்கிறேன்."

"கொண்டாங்க, பாப்போம்."

அவர் கொடுத்தார். ஆட்டத்தின் பெயர் மின்னல் இளவரசன். இறக்கை முளைத்த வெள்ளைக் குதிரைமேல் இளவரசன். தலையில் கிரீடம், மார்பில் பொற்கவசம், முழங்கால்வரை தொங்கும் முத்துமாலை. முத்துக்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு வெளிச்சம். எதிரே பத்துக் கை அரக்கன். பின்னால் மலை, மலைக்குப் பின்னால் மின்னல். ஒரு விரல் வைக்க இடம் கிடையாது.

நாச்சியார் வெகுநேரம் பார்த்தாள்.

"படத்துல எல்லாரும் சிரிக்கிறாங்களே அண்ணாச்சி."

"பட்டாசுப் பெட்டியில பயந்த முகம் போட்டா எங்க முதலாளி திருப்பி அனுப்பிருவார் டீச்சர். மத்தாப்பு பிடிக்கிற பிள்ளை சிரிச்சுக்கிட்டேதான் இருக்கணும். கை பழகிப்போச்சு."

"அரக்கனுமா?"

காசிராஜன் லேபிளைத் திருப்பிப் பார்த்தார். அரக்கன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அதுவரை அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"அரக்கனும்தான்" என்றார்.

டீச்சர் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார், ஆனால் மனசு சிரிக்கவில்லை. "வாயை மாத்தி வரைஞ்சுட்டா சரியாப் போயிருமா?" என்று கேட்டார்.

அவள் எழுந்து போய், மூலையில் கிடந்த ஒரு பழைய டிவியைத் துடைத்து நடுவில் வைத்தாள். அதற்குப் பிளக் கிடையாது. பிறகு மேஜை இழுப்பறையைக் கிளறி ஒரு ஜாய்ஸ்டிக்கை எடுத்தாள். அதன் ஒயர் பாதியில் அறுந்திருந்தது.

"உக்காருங்க. உங்க ஆட்டத்தை ஆடுங்க."

"இதுலயா?"

"இதுலதான்."

காசிராஜன் நல்ல சீடர். உட்கார்ந்தார், இருண்ட திரையைப் பார்த்தார், பட்டனை அமுக்கினார். முதலில் வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் குதிரை கிளம்பிவிட்டது. மலை வந்தது, தாண்டினார். மின்னல் வந்தது, வாளில் பிடித்தார். அரக்கன் வந்தான், ஒவ்வொரு கையாக வெட்டினார். ஆட்டம் முடிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முடிச்சுட்டேன் டீச்சர்."

"எங்க செத்தீங்க?"

"சாகல."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்ல" என்றார். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"நாளைக்கும் வாங்க" என்று சொல்லிவிட்டு நாச்சியார் மாப்பிள்ளையின் பெயருக்குத் திரும்பினாள்.

மறுநாளும் அவர் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். அவர் ஆடுவார், அவள் பத்திரிகை வேலையைப் பார்ப்பாள். முடிந்ததும் ஒரே கேள்விதான்.

"எங்க செத்தீங்க அண்ணாச்சி?"

"சாகல டீச்சர்."

"நாளைக்கு வாங்க."

அரக்கனுக்குக் கைகளைக் கூட்டிப் பார்த்தார். அத்தனையையும் வெட்டினார். இளவரசனைக் கண்ணைக் கட்டிக்கொண்டு சண்டை போட வைத்தார். அப்போதும் வென்றார். ஒருநாள் அவருக்கே அலுத்துவிட்டது.

"டீச்சர், இது நான் கட்டின ஆட்டம். மலையும் நான்தான், மின்னலும் நான்தான், அரக்கனும் நான்தான். நான் யார்கிட்டத் தோக்கிறது?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றாள் நாச்சியார்.

இதற்குள் விஷயம் தெருவுக்குப் போய்விட்டது. ஓடாத டிவிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பெரிய மனிதர் கையை ஆட்டிக்கொண்டிருந்தால் சிவகாசி சும்மா இருக்குமா? நாலு பேர் நாலு விதமாகச் சொல்ல, அது அவர் மனைவி மாரிக்கனியின் காதுக்கு எட்டியது. மாரிக்கனி பயப்படுகிற ஆள் இல்லை. நேரிலேயே பார்த்துவிடலாம் என்று படியேறி வந்துவிட்டாள்.

"வாங்க மதினி" என்று நாச்சியார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

மாரிக்கனி டிவியைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள். "டிவி ஓடலையே."

"ஓடாது" என்றார் காசிராஜன். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

அவள் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இப்ப என்ன நடக்கு?"

"இளவரசன் குதிரைல மலையைத் தாண்டுறான்."

"இப்ப?"

"அரக்கனோட ஒரு கையை வெட்டிட்டான்."

"இப்ப?"

"இன்னொரு கை."

"எல்லாக் கையையும் வெட்டி முடிக்கிற வரைக்கும் நான் இப்படியே உக்காந்திருக்கணுமா? கொண்டாங்க, நானும் ஒரு ஆட்டம் ஆடுறேன்."

அவர் கொடுக்கலாமா வேண்டாமா என்று டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்துவிட்டார். மாரிக்கனி ஜாய்ஸ்டிக்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினாள். மறுநிமிஷமே மடியில் வைத்துவிட்டாள்.

"செத்துட்டேன்."

"அதுக்குள்ளயா? எங்க?"

"முதல்லயே ஒரு குட்டைச் சுவர் இருக்குல்ல, அதுல தட்டி விழுந்துட்டேன்."

"அங்க ஏது சுவர்? அது புல்வெளி. நான்தானே வரைஞ்சேன்!"

"நீங்க குதிரைல பறந்து போறீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குக் குதிரையேறத் தெரியாது. நடந்து போனேன். சுவர் இருந்துச்சு."

"எவ்வளவு உசரம்?"

"முழங்கால் உசரம்."

"முழங்கால் உசரச் சுவரைத் தாண்ட முடியலையா உனக்கு?" என்று சிரித்தார் காசிராஜன். "இங்க குடு, காட்டுறேன்."

இளவரசனைக் குதிரையிலிருந்து இறக்கினார். புல்வெளியில் நடக்க வைத்தார். சுவர் வந்தது. அவள் சொன்ன இடத்திலேயே, செங்கல் பெயர்ந்து, பாசி பிடித்து நின்றது. அவருக்கே ஆச்சரியம். குதிக்கும் பட்டனை அமுக்கினார்.

இளவரசன் தரையைவிட்டு எழும்பவில்லை.

இன்னொரு தரம் அமுக்கினார். அழுத்தி அமுக்கினார். கட்டைவிரல் வெளுத்துப்போனது.

"இவ்வளவு நகையைப் போட்டுக்கிட்டு அவன் எப்படிக் குதிப்பான்?" என்றாள் மாரிக்கனி. "கல்யாணத்தன்னைக்கு எனக்கு நாற்காலியை விட்டு எந்திரிக்க முடியல. தெரியுமா?"

காசிராஜன் இளவரசனைப் பின்னால் நடத்திப்போய் ஓடிவரச் செய்தார். முத்துமாலை காலில் சுற்றியது. அந்த முத்துக்களை அவர் ராவும் பகலுமாக வரைந்திருந்தார். இளவரசன் சுவரில் இடித்துக் குப்புற விழுந்தான். கிரீடம் உருண்டு போனது.

அவர் முகம் வேர்த்துவிட்டது. ஜாய்ஸ்டிக்கை மெதுவாகக் கீழே வைத்தார். இத்தனை நாள் வராத ஒரு வருத்தம் வந்தது. இளவரசனைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது. அவன்மேல் அவருக்கு அன்பு வந்ததே அப்போதுதான்.

நாச்சியார் வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க செத்தீங்க அண்ணாச்சி?"

"முழங்கால் உசரச் சுவர்ல" என்றார். சொல்லவே கூச்சமாக இருந்தது.

"அதை எப்படித் தாண்டணும்?"

"தெரியலையே டீச்சர்."

"நல்லது" என்றாள் நாச்சியார். "போய் வரைங்க."

வீட்டுக்குப் போகிற வழியில் தெருமுக்குத் திரும்பும்போது காசிராஜன் திடீரென்று சிரித்தார். "தட்டி விழுந்துட்டாளாம்" என்றார். மாரிக்கனி, "நீங்க மட்டும்?" என்றாள். இரண்டு பேருமாகச் சிரித்துக்கொண்டே போனார்கள். தெருவில் பார்த்தவர்கள், மனிதருக்கு முற்றிவிட்டது, அந்த அம்மாளுக்கும் ஒட்டிக்கொண்டது என்று முடிவுகட்டினார்கள்.

அவர் வரைய உட்கார்ந்தார். முதலில் கிரீடம் போனது, பிறகு கவசம் போனது. முத்துமாலையை விடத்தான் மனசு வரவில்லை. அதையும் விட்டார். குதிரை இல்லை, அரக்கன் இல்லை, மின்னல் இல்லை. புல், அதில் ஒரு குட்டைச் சுவர். சுவருக்கு முன்னால் இளவரசன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஒரு முழங்காலில் சிராய்ப்பு. ஒரு கால் செருப்போடு இருந்தது, இன்னொரு கால் வெறுங்கால். அந்தக் காலின் செருப்பு சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அது எப்படி அங்கே போனது என்று அவருக்கே தெரியாது. கை போன போக்கில் வரைந்துவிட்டார். அழிக்க மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுற்று கூடியது. மற்றவர்களின் கேசட்டுகள் போய்வந்தன. பொய்கள் பறந்தன. கடைசியாகக் காசிராஜனின் கேசட்டை நாச்சியார் எடுத்துக் கிளாடிஸின் கையில் கொடுத்தாள்.

கிளாடிஸ் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பக்கத்தில் தள்ளிவிட்டாள். பீர்முகமது வாங்கினார். அவரும் பேசவில்லை. கேசட் கை மாறி மாறிப் போனது. பிரமாதம் என்று சொல்லக்கூட ஒரு ஆள் இல்லை.

அந்த முத்துமாலையாவது இருந்திருக்கலாமே என்று காசிராஜனுக்குத் தோன்றியது. இருந்த பாராட்டும் போச்சு என்று நினைத்துக்கொண்டார்.

கேசட் உத்தண்டராமன் கைக்கு வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

"சனியன் பிடிச்ச சுவர்" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானும் என் தம்பியும் முழுப்பரீட்சை லீவு பூராவும் இதுலயே கிடந்தோம். முழங்கால் உசரம்தான் இருக்கும். தாண்ட முடியாது. அவன் ஆத்திரத்துல ஜாய்ஸ்டிக்கைக் கடிச்சே வச்சுட்டான். எங்கப்பா கேசட்டைப் பிடுங்கி பீரோ மேல போட்டுட்டார். பிறகு வீடு மாத்தும்போது எங்க போச்சுன்னே தெரியல." அவர் குரல் லேசாகக் கரகரத்தது. உத்தண்டராமனுக்குத் தம்பியே கிடையாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"நீங்க கீழ் பட்டனை அமுக்கலையா?" என்றாள் கிளாடிஸ். அவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "குனிஞ்சா சுவர்ல ஒரு ஓட்டை தெரியும். அது வழியா நுழைஞ்சு போயிரலாம்."

"ஓட்டையெல்லாம் கிடையாது."

"இருக்கு! எங்க சித்தி மகன் காட்டினான்."

"உங்க சித்தி மகன் கதை விட்டிருக்கான்."

"ரெண்டு பேர் சொல்றதும் தப்பு" என்று பீர்முகமது குறுக்கே வந்தார். "அந்தப் பக்கம் ஒரு செருப்பு கிடக்குல்ல? இன்னொரு செருப்பையும் தூக்கிப் போடணும். வெறுங்காலா இருந்தாத்தான் அவன் ஏறுவான். நான் அப்படித்தான் தாண்டினேன்."

"தாண்டினீங்களா? அப்ப சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருந்துச்சு? சொல்லுங்க பாப்போம்" என்றாள் கிளாடிஸ்.

"அதை எப்படிச் சொல்றது. கரெக்டா அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிருச்சு."

அவ்வளவுதான், மாடி ரெண்டுபட்டது. ஓட்டை உண்டு என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. சுவரை இடிக்க ஒரு கடப்பாரை வரும் என்று புதிதாக ஒருவர் கிளப்பினார். கேசட்டை ஆளுக்கு ஆள் பிடுங்கினார்கள். படத்தை முகத்தருகே வைத்துப் பாசிக்குள் ஓட்டை தேடினார்கள்.

காசிராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சந்தோஷத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. தான் வரைந்த சுவரில் தனக்குத் தெரியாத ஓட்டையும், தன் இளவரசனுக்குத் தான் கொடுக்காத கடப்பாரையும் இருப்பதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது.

சண்டை தீர்கிற வழியாக இல்லை. கடைசியில் உத்தண்டராமன் கேசட்டை உயர்த்திப் பிடித்தார்.

"எதுக்கு வம்பு? வரைஞ்ச ஆளே இங்க இருக்கார். அண்ணாச்சி, நீங்களே சொல்லிருங்க. இந்தச் சுவரை எப்படித் தாண்டணும்?"

எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியது. காசிராஜனிடம் பதில் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் மாரிக்கனி அந்தச் சுவரைத் தாண்டியிருந்தாள். எப்படி என்று அவருக்குச் சொல்லியும் கொடுத்திருந்தாள். அருமையான வழி. அதைச் சொல்ல நாக்கு துடித்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் நகர்ந்தார்.

"அது என்னன்னா..."

"அண்ணாச்சி" என்றாள் நாச்சியார்.

அவர் திரும்பினார்.

"இந்த ஆட்டத்துல உங்க லைஃப் முடிஞ்சுபோச்சு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அவங்க ஆடட்டும்."